மழையில் பிஸ்லி: ரைபிளையும் மற்ற சாமான்களையும் எப்படித் தயார் செய்வது?

தென்லண்டன்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் சரேயில் உள்ள பிஸ்லி ரேஞ்சில் ஜூலையில் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் என்ற சுடும் போட்டிக்கு முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். டார்கெட் ரைபிள்தான், 308 (தோட்டாவின் அளவு), ரைபிள்மேல் டெலஸ்கோப் கிடையாது, ஸ்லிங் (கையில் மாட்டும் வார்) மாட்டிப் படுத்துச் சுடுவது. இதுவரை சுட்டதெல்லாம் காய்ந்த நாட்களில். ஜூலை என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கிளப்பில் யாரைக் கேட்டாலும் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சுடும் இடத்தில் கூரை இல்லை, புல்மேட்டில் விரிப்பைப் போட்டுப் படுக்க வேண்டியதுதான், கொட்டினாலும் போட்டி நடக்குமாம். என்ன வாங்க வேண்டும், எதற்குக் காசை வீணாக்கக் கூடாது? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம், சிரிக்காதீர்கள்: 1000 கெஜம் போவதற்குள் குண்டு மழைத்துளியில் மோதித் திசை மாறாதா?

புல்மேடு:

துளியை மறந்துவிடுங்கள். மழையால் புள்ளி போகிறது என்றால் அது குண்டு போகும் வழியில் போவதில்லை, நீங்கள் படுத்திருக்கும் இரண்டு மீட்டருக்குள்தான் போகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினாலும் கணக்கில் எடுக்கிற அளவுக்கு எதுவும் மாறாது.

முதல் வேலை தோட்டாவையும் சேம்பரையும் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) நனையாமல் பார்த்துக்கொள்வது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். சுடும்போது பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரைக் கவ்விப் பிடிக்கும், பின்னால் தள்ளும் விசையில் ஒரு பங்கை அந்தப் பிடிப்பு வாங்கிக்கொள்ளும். நடுவில் தண்ணீர்ப் படலம் இருந்தால் பிடிப்பு போய்விடும், மொத்த விசையும் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் வந்து இறங்கும். எண்ணெய் இருந்தாலும் இதே கதைதான், அதனால் சேம்பரை எண்ணெயோடு விட்டுவிட்டு வராதீர்கள். போல்ட் தூக்கக் கனமாக இருந்தால் அப்படியே நிறுத்துங்கள், துடைத்துப் பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவதால் உங்கள் முறை வரும்வரை தோட்டாப் பெட்டி திறந்தபடி நனையும். மூடி உள்ள பெட்டியாகப் பாருங்கள், அதை உடம்புக்கு அடியில் வராத மாதிரி கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னத் துண்டுக்குள் வையுங்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் உங்களுக்கு 45 விநாடி இருக்கிறது. முறை வந்த பிறகு எடுத்து, விரலால் ஒரு தடவு தடவி, நேராக உள்ளே. முன்கூட்டியே சேம்பரில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சூடான பேரலில் தோட்டா வேகும், குண்டு மேலே போகும். போல்ட் திறந்திருக்கும் நேரம் முழுக்க அதன்மேல் ஒரு துணி கிடக்கட்டும்.

அடுத்தது சைட், அதாவது குறி பார்க்கும் பாகங்கள். பின்சைட் துளையில் ஒரு சொட்டு உட்கார்ந்தால் இலக்கு கலங்கின மாதிரி ஆகிவிடும். முன்சைட்டில் லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? மழை நாளில் அதைக் கழற்றி விடுபவர்கள் உண்டு, ஆனால் கழற்றினால் சைட் கணக்கு கொஞ்சம் நகரும், அதைப் பயிற்சி நாளிலேயே பார்த்து எழுதி வையுங்கள். வெளிச்சம் மங்கினால் பின்சைட் ஐரிஸை (துளையைப் பெரிதாக்கும் வளையம்) ஒரு படி திறக்க வேண்டும்.

ரெயின் கோட்டைச் சுடும் ஜாக்கெட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு சுட முயற்சிக்காதீர்கள். தோளில் ரைபிளின் கட்டை வழுக்கும், கையில் ஸ்லிங் இறங்கும். காத்திருக்கும்போது மட்டும் மேலே போர்த்திக்கொண்டு படுக்கும் முன் கழற்றுங்கள். கால்சட்டைக்கு மேல் மழைக் கால்சட்டை போட்டால் பிரச்சினை இல்லை. கோட்டுத் தொப்பியும் வேண்டாம், அதன் விளிம்பிலிருந்து வடிவது நேராகப் பின்சைட்டில்தான் விழும். முன்பக்கம் நீண்ட சாதாரணத் தொப்பி போதும்.

விலை உயர்ந்த ரைபிள் உறை வாங்க வேண்டாம். பழைய குளியல் துண்டு இரண்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பைக்குள் காய்ந்த பருத்தித் துணி நிறைய, அவ்வளவுதான்.

பழைய_303:

புல்மேடு சொன்னது நூற்றுக்கு நூறு. அவர் புது ரைபிளை வைத்துப் பேசுகிறார், நான் லீ என்ஃபீல்ட் என்ற பழைய ராணுவ ரைபிள் சுடுகிறவன், எங்களுக்கு இது இன்னும் மோசம். அதில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் (புடைப்புகள்) பின்பக்கம் இருக்கின்றன, விசை கூடினால் போல்ட் முழு நீளத்துக்கும் அமுங்கும். நனைந்த தோட்டாவும் காய்ந்த தோட்டாவும் மாறி மாறிப் போனால் இலக்கில் குறிகள் மேலும் கீழுமாக ஒரு கோடு போட்டுவிடும், ஆள் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பார். மரக்கட்டையும் ஈரம் குடித்து ஊதும், பேரலைத் தொடும் இடத்தில் அழுத்தம் மாறும். சீசனுக்கு முன்பே ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற வைப்பது அதற்குத்தான், தம்பி. அலுமினியக் கட்டை என்றால் இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

இன்னொன்று ரேஞ்சில் காற்றைக் காட்டும் கொடிகள். நனைந்த கொடி கனத்துத் தொங்கும், காற்று குறைந்துவிட்டது என்று ஏமாறுவீர்கள். மழையில் கானலும் இருக்காது, பக்கத்தில் தனியாக வைக்கும் டெலஸ்கோப்பில் அது சாயும் பக்கத்தைப் பார்த்துக் காற்றை ஒத்துப்பார்க்கவும் வழி இல்லை. பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 900, 1000 கெஜத்தில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும். கொடியின் கோணத்தைவிட அதன் நுனி எவ்வளவு துடிக்கிறது என்று பாருங்கள்.

தோல் ஸ்லிங் வைத்திருந்தால் மாற்றுங்கள், நனைந்தால் நீளும். ஸ்கோர் புத்தகத்தில் பேனாவால் எழுத வேண்டாம், பென்சில். அதைவிட நல்லது, பிளாஸ்டிக் தாளின் மேல் மெழுகுப் பென்சில்.

கோவை_50மீட்டர்:

நான் கோவையில் 22 புரோன் (22 ரைபிளில் படுத்துச் சுடுவது) சுடுகிறேன். எங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருப்பதால் ஐப்பசி மழையிலும் நாங்கள் நனைவதில்லை, இலக்கும் வெளியும்தான் நனையும். எங்கள் பிரச்சினை மழை இல்லை, மழைக்குப் பிறகு அறைக்குள் நிற்கும் ஈரம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரைபிளை அதில் மூடி வைத்தால் இரண்டு நாளில் போல்ட்டில் சிவப்புப் புள்ளி தெரியும். ஸ்டெயின்லெஸ் பேரல்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், அதுவும் துருப்பிடிக்கும், என்ன, மெதுவாக. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் நிறம் மாறியதும் சூடாக்கிக் காய வைத்துத் திரும்பப் போடுங்கள். போட்டதோடு விட்டால் அது வெறும் மணல்.

தென்லண்டன்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும். முழுக்க நனைந்த நாளில், மறுநாளும் போட்டி இருந்தால், சாயங்காலம் கட்டையிலிருந்து பேரலும் போல்ட்டும் இருக்கும் உலோகப் பகுதியை, அதாவது ஆக்‌ஷனைக் கழற்றித் துடைக்க வேண்டுமா? கிளப்பில் ஒருவர் கட்டாயம் என்கிறார்.

பழைய_303:

என் ரைபிள் என்றால் கழற்றத்தான் செய்வேன். மரத்துக்கும் பேரலுக்கும் நடுவே தண்ணீர் நின்றால் ராத்திரி முழுக்க ஊறும்.

புல்மேடு:

மரக்கட்டைக்கு அது சரி. உங்கள் 308க்கு வேண்டாம் என்பேன். ஆக்‌ஷனை எடுத்துத் திரும்ப மாட்டினால் திருகின் இறுக்கம் கொஞ்சம் மாறினாலும் மறுநாள் முதல் குறி எங்கே விழும் என்று தெரியாது, போட்டி நடுவே அந்த ஆபத்து எதற்கு? போல்ட்டைக் கழற்றுங்கள். காய்ந்த துணித்துண்டைச் சேம்பர் பக்கத்திலிருந்து பேரலுக்குள் தள்ளுங்கள், துணி காய்ந்தபடியே வெளியே வரும்வரை. அப்புறம் மெல்லிய எண்ணெய்த் துணி ஒரு தடவை. ரைபிளின் வாயைக் கீழே சாய்த்து நிறுத்தினால் டிரிக்கர் பக்கம் வடியாது. டிரிக்கருக்குள் ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கவே வேண்டாம், பிசினாகி மாட்டிக்கொள்ளும். ஈரமானால் காற்று அடித்து ஊதினால் போதும். வீட்டில் பெட்டியைத் திறந்து காய விடுங்கள், ரைபிள் அதற்கு வெளியே, பூட்டிய அலமாரிக்குள். காலையில் சுடப் போகும் முன் பேரலிலும் சேம்பரிலும் இருக்கும் எண்ணெயை முழுக்க எடுத்துவிடுங்கள். எல்லாம் தீர்ந்த பிறகு, வாரக் கடைசியில், நிதானமாகக் கழற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று விட்டுப்போச்சு. விரிப்பை மேட்டின் சரிவு பார்த்துப் போடுங்கள், தண்ணீர் கால்பக்கம் ஓடட்டும். முழங்கை ஊன்றும் இடத்தில் ரப்பர் இல்லாத விரிப்பு என்றால் ஒவ்வொரு சுடுதலுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் போகும், நிலை மாறுவது உங்களுக்கே தெரியாது. காசு செலவழிக்க ஒரு இடம் வேண்டுமென்றால் அந்த விரிப்பில் செலவழியுங்கள்.