கூலன்ட் மாற்றியதிலிருந்து ஹீட்டரில் ஜில்லென்ற காற்று: தெர்மோஸ்டாட் மாற்றணுமா?

கேள்வி:
வணக்கம். பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் கூலன்ட் மாற்றியாயிற்று. அதிலிருந்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் ஐடிலிங்கில் ஜில்லென்றுதான் வருகிறது. 2,500 ஆர்.பி.எம். வரை ஏற்றினால் அரை நிமிடத்தில் வெதுவெதுப்பாகிறது. காலை எடுத்ததும் மறுபடி ஜில். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. காற்றின் வேகம் குறையவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கிற சத்தம். கையேட்டில் கொள்ளளவு 6 லிட்டர், உள்ளே போனதோ 4.5 தான். தெர்மோஸ்டாட் போய்விட்டது என்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1:
இப்போதைக்குத் தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள். எஞ்சின் சூடானபின் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வ் அது; திறந்தபடி சிக்கினால் எஞ்சின் சூடேறவே வெகுநேரம் ஆகும், வேகமாகப் போகும்போது முள் கீழே இறங்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆர்.பி.எம். ஏறினால் சூடு, இறங்கினால் குளிர், கூடவே சலசலப்பு என்றால் முதல் சந்தேகம் ஏர் லாக். பல வண்டிகளில் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) உயரமான இடத்தில் இருப்பதால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும். ஐடிலிங்கில் வாட்டர் பம்புக்கு அதைத் தள்ளும் பலம் போதாது.

4.5 லிட்டர்தான் போனது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பழைய கூலன்ட் கொஞ்சம் எஞ்சின் பிளாக்கிலேயே தங்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு) போகும் இரண்டு ஹோஸ்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் சுழற்சி சரி. இரண்டுமே சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தால் கோளாறு கூலன்ட்டில் இல்லை: டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் பிளென்ட் டோர் என்ற கதவோ அதை அசைக்கும் ஆக்சுவேட்டரோ சிக்கியிருக்கும் (சூட்டைக் கூட்டிக் குறைக்கும்போது டிக் டிக் என்று கேட்கும்). ஒன்று சுட, மற்றது குளிர்ந்தால் கோருக்குள் ஓட்டம் இல்லை. எஞ்சின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று ஓடும். கையும் துணியும் பத்திரம்.

கேள்வி கேட்டவர்:
ஐடிலிங்கில் உள்ளே போகும் ஹோஸ் 84, வெளியே வருவது 38. 2,500-இல் அந்த 38 மெல்ல 60 ஆகிறது. எஞ்சின் ஆறியபின் டேங்கில் கூலன்ட் மினிமம் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே.

பதில் 2:
அப்படியென்றால் காற்றை எடுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

முன் சக்கரங்களை ராம்ப்பில் ஏற்றி, கூலன்ட் ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹீட்டர் முழுச் சூடு, ப்ளோயர் குறைந்த வேகம். தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹீட்டர் ஹோஸிலோ ப்ளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வரும்வரை ஊற்றிவிட்டு ஸ்க்ரூவை மூடுங்கள். பிறகு கூலன்ட் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கிலேயே விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தி விட்டால் குமிழிகள் கிளம்பும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கும்போது தெர்மோஸ்டாட் திறக்கிறது என்று அர்த்தம். உடனே மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை 2,000 ஆர்.பி.எம்.மில் வையுங்கள். முழுக்க ஆறியபின் திறந்து மறுபடி நிரப்புங்கள். ஒரே தடவையில் எல்லாக் காற்றும் போகாது.

ஊற்றுவது கையேட்டில் சொன்ன அதே வகையாக, 50:50 கலவையாக இருக்கட்டும். வகை மாறிக் கலந்தால் சில சமயம் கூழாகிக் கோரையே அடைக்கும். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கின்றன.

பதில் 3:
அதற்குப் பிறகும் வெளி ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் ஹீட்டர் வால்வ் திறக்கிறதா பாருங்கள் (எல்லா வண்டியிலும் இருக்காது). அதுவும் சரியென்றால் கோர் அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறியபின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வெளியே வரும் குழாய் வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் மெதுவாக விடுங்கள். முதலில் செங்காவி நிறத்தில் சகதி வரும், தெளியும்வரை விடவும். ஹோஸ் ஒட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள், கோரின் குழாய் மெல்லியது, உடைந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். கசிவடைக்கும் மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். அது முதலில் அடைப்பதே கோரின் நுண்ணிய குழாய்களைத்தான்.

வெளியே வரும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
இரண்டு தடவை காற்று எடுத்ததில் 1.2 லிட்டர் உள்ளே போனது. ஐடிலிங்கில் இப்போது 85, 71. சலசலப்பு நின்றுவிட்டது, நல்ல சூடாக வருகிறது. மிக்க நன்றி.

பதில் 1:
சந்தோஷம். ஒரு வாரத்துக்குக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்கைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சிறிது இறங்கினால் மிச்சக் காற்று. தொடர்ந்து இறங்கி, வெளியே எங்கும் கசிவு தெரியாமல், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று சோதியுங்கள். அதைச் சோதிக்கும் கருவியான பிளாக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் உறுதி. அந்த நிலையில் எத்தனை தடவை காற்று எடுத்தாலும் மறுபடி சேரும்.