புதுப்பிப்பு: வக்கீல் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தேனே

பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் எவ்வளவு கேட்பார் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "மூன்று பேரையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றீர்கள். பார்த்துவிட்டேன், மிக்க நன்றி.

மூவரும் மூன்று விதமாகக் கணக்குச் சொன்னார்கள். ஒருவர் முழு வழக்குக்கும் ஒரே தொகை என்றார். இன்னொருவர் மணிக்கணக்கு. மூன்றாமவர் கட்டம் கட்டமாக: நோட்டீஸுக்கு இவ்வளவு, மனு தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு. நான் மூன்றாமவரிடம் கொடுத்தேன். பாதியில் சமரசம் ஆனால் மீதிக் கட்டங்களுக்குப் பணம் தர வேண்டாம் என்பதுதான் காரணம். என் அண்ணனோடு சமரசம் ஆக வேண்டும் என்றுதான் இன்னும் ஆசைப்படுகிறேன்.

மற்ற சட்ட வேலைகளைப் பொறுத்தவரை, உயில், பத்திரம் போன்றவற்றுக்கு வேலையின் அளவு முன்பே தெரியும் என்பதால் பெரும்பாலும் நிலையான தொகைதான். விவாகரத்தில் இருவரும் சம்மதித்தால் செலவு குறைவு, எதிர்த்தால் பல மடங்கு. விபத்து இழப்பீட்டில் வென்றால் கிடைக்கும் தொகையில் வக்கீலுக்கு ஒரு சதவீதப் பங்கு என்ற முறை சில நாடுகளில் உண்டு, சில நாடுகளில் அது கூடாது.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று: நீதிமன்றக் கட்டணம் வக்கீல் கட்டணத்தில் சேராது. சொத்து வழக்கில் அது சொத்து மதிப்பைப் பொறுத்துக்கூட அமையலாம். நகல், பயணம், நில அளவை எல்லாம் தனி. அப்புறம், மேல்முறையீட்டுக்குப் புதிதாகக் கட்டணம் பேச வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் விசாரணை அடுத்த மாதம்.