உலோகக் கண்ணாடியில் இழுவிசைத் தண்டு செய்யலாமா?

கேள்வி – இயந்திரவியல் மாணவன்

வணக்கம். விட்ரலாய் 1 என்னும் சிர்கோனிய உலோகக் கண்ணாடியின் (அணுக்கள் படிகமாக அடுங்காமல் உறைந்த கலவை) வலிமை ஏறத்தாழ 1900 மெகாபாஸ்கல் என்றும், அது விமானங்களில் பயன்படும் டைட்டானியக் கலவையின் வலிமையைப் போல் இரு மடங்கு என்றும் படித்தேன். இருந்தும், இழுவிசை தாங்க வேண்டிய 10 மி.மீ. தண்டுக்கு அதைப் பரிந்துரைத்தபோது எங்கள் பேராசிரியர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். சிக்கல் வார்ப்பிலா, பொருளிலேயா?

மறுமொழி – பொருளறிவியல்

பொருளில்தான். சாதாரண உலோகத்தில் அணுக்கள் படிகமாக அடுக்கப்பட்டிருப்பதால், அடுக்கிலுள்ள இடப்பிறழ்வுகள் (அணு வரிசையில் உள்ள பிழைகள்) நகர, உலோகம் முறிவதற்கு முன் நீண்டு கொடுக்கிறது. உலோகக் கண்ணாடியில் படிகமும் இல்லை, நகர இடப்பிறழ்வும் இல்லை. அது ஏறத்தாழ 2 விழுக்காடு வரை மீள்தன்மையுடன் நீள்வதும், அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று முறிவதும் இந்த ஒரே காரணத்தால்தான். எல்லை கடந்ததும் உருமாற்றம் முழுவதும் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள ஷியர் பட்டையில் (பொருள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் மெல்லிய அடுக்கில்) குவிகிறது. இழுவிசையில் அதை மறிக்க உள்ளே எதுவும் இல்லாததால் அப்பட்டையே விரிசலாகிவிடும்.

மறுமொழி – வார்ப்புப் பிரிவு

தடிமன் ஒரு தடையே அல்ல. 1960-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் டூவெஸ் குழுவினர் தங்கம்–சிலிக்கான் கலவையைப் படிகமாகும் முன்பே உறையவைத்துக் கண்ணாடியாக்க நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் கெல்வின் வேகத்தில் குளிர்விக்க வேண்டியிருந்ததால் மெல்லிய துணுக்குகளே கிடைத்தன. 1993-இல் அங்கேயே பீக்கரும் ஜான்சனும் அறிவித்த விட்ரலாய் 1-க்கு நொடிக்கு ஏறத்தாழ 1 கெல்வினே போதும். உண்மையான தொல்லை ஆக்சிஜன். சிர்கோனியம் அதை உறிஞ்சிக்கொண்டால் படிகம் முளைக்கத் தொடங்கும் என்பதால், ஆர்கான் நிரப்பிய மின்வில் உலையில் முதலில் ஒரு டைட்டானியத் துண்டை உருக்கி, எஞ்சிய ஆக்சிஜனை அது விழுங்கிய பிறகே கலவையை உருக்குவார்கள். வார்த்ததை லேத்தில் வேகமாகக் கடைந்தால், வெப்பம் எளிதில் கடத்தப்படாமல் சீவல் பளிச்சென்று எரியும். பெரிலியம் இருப்பதால் அந்தத் தூசியையும் புகையையும் சுவாசிக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஷியர் பட்டையை மறிக்க மென்மையான படிகங்களை உள்ளே வளர்க்க முடியாதா?

மறுமொழி – பொருளறிவியல்

முடியும். 2008-இல் கால்டெக் குழு அவ்வாறு டென்ட்ரைட்டுகளை (மரக்கிளை வடிவப் படிகங்களை) வளர்த்து, அறை வெப்பநிலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இழுநீட்சி பெற்றது. ஆனால் நீங்கள் விரும்பும் 1900 மெகாபாஸ்கல் வலிமையில் ஒரு பங்கை இழக்க நேரிடும். தண்டை விட்டுவிட்டு, 1 மி.மீ.க்கும் குறைந்த தடிமனில் வளையும் சுருள்வில் போன்ற உறுப்பை முன்மொழியுங்கள்; அங்கே உருமாற்றத்தைப் பல பட்டைகள் பகிர்ந்துகொள்வதால் ஒரே பட்டையில் முறியாது.