பி 2138 வந்தால் திராட்டில் பாடியை மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேபிள் இல்லாமல் சென்சாரும் மோட்டாரும் வேலை செய்யும் ஆக்சிலேட்டர் உள்ள பைக் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆண்டிபட்டி கணவாய் இறங்கி மதுரைக்கு வரும் வழியில் இன்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு முறுக்கினாலும் வண்டி தவழ்ந்ததே தவிர வேகம் பிடிக்கவில்லை. சாவியை அணைத்துப் போட்டதும் சரியானது. நாகமலை புதுக்கோட்டையில் டீக்கடை முன்னால் ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்துத் திருப்பினேன், விளக்கு மறுபடி வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி 2138 என்ற எரர் கோடை, அதாவது கோளாறு எண்ணை, காட்டியது. "திராட்டில் பாடி போய்விட்டது, மாற்றிவிடலாம் சார்" என்றார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கூட்டிக் குறைக்கும் பாகம் அது. எனக்குக் கோபமே வந்தது. அந்த எண் திராட்டில் பாடியைப் பற்றியதே அல்ல. கைப்பிடியில் இரண்டு சென்சார்கள், திராட்டில் பாடியில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஜோடி. கைப்பிடி ஜோடி ஒத்துப்போகவில்லை என்றால் 2138. திராட்டில் பாடி ஜோடி என்றால் 2135. ஒத்துப்போகாத நிமிடத்தில் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதையும் நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். சில கம்பெனிகள் சொந்த எண்களும் வைத்திருப்பதால் உங்கள் வண்டியின் மேனுவலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் இரண்டு சென்சார்களின் வோல்ட்டையும் ஓடவிட்டு, கைப்பிடியை மெல்ல முறுக்கினார். இரண்டும் சீராக ஏறின. பிறகு "தம்பி, ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிங்க" என்றார். ஒரு எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது!

டேங்கைத் தூக்கிப் பார்த்தால், வண்டியின் கழுத்தருகே வயர் கட்டை ஒரு பிளாஸ்டிக் டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒடிக்கும்போதெல்லாம் இழுபட்டு, ஒரு வயரின் தோல் உரிந்து, செம்பு இழைகள் பச்சை பூத்துக் கிடந்தன. மீதி இரண்டு மூன்று இழைகளில்தான் கரண்ட் ஓடியிருக்கிறது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, டையைத் தளர்த்திக் கட்டினார். எரர் கோடை அழித்தபின் அது திரும்ப வரவில்லை. திராட்டில் பாடி விலையோடு ஒப்பிட்டால் அவர் வாங்கிய கூலி ஒன்றுமே இல்லை.

அவர் சொன்ன மற்றவை: வாட்டர் சர்வீஸில் கனெக்டருக்குள் தண்ணீர் அடித்தாலும் இதே கோளாறு வரும். பி 2101 வந்தால் திராட்டில் தகட்டைத் திருப்பும் மோட்டாரைக் குறை சொல்லும் முன் பேட்டரி வோல்ட்டையும் திராட்டில் பாடியில் படிந்த கரியையும் பார்க்க வேண்டும். சாவி போட்டிருக்கும்போது திராட்டில் தகட்டை விரலால் தள்ளவே கூடாது, மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும்.

சர்வீஸுக்கு விடும்போது எரர் கோடை அழிப்பதற்கு முன் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு எப்போது எரிந்தது, ஒடிக்கும்போதா, மழையிலா, வண்டி சூடான பிறகா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.