சைக்கிள் டு வொர்க்: 42 சதவீதம் மிச்சம் என்கிறார்களே, நிஜமா?

ஈஸ்ட்ஹாம் நடராசன்:
எங்கள் ஆபீஸில் சைக்கிள் டு வொர்க் திட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்வர ஆபீஸ் வழியாக வரிச் சலுகையில் சைக்கிள் எடுக்கும் பிரிட்டன் திட்டம். 1,000 பவுண்டு சைக்கிள், 12 மாதம் சம்பளத்தில் பிடித்தம். சுவரில் "42 சதவீதம் வரை மிச்சம்" என்று போஸ்டர். நான் 20 சதவீத வரிக்காரன், வேலை லண்டன் கேனரி வார்ஃபில். எடுக்கலாமா?

பெடல்ராஜா:
யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். வரி போடும் முன்பே பிடித்துவிடுவார்கள். அதனால் வருமான வரி 20, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் 8, ஆக 28 சதவீதம் உங்கள் பையிலேயே நிற்கும். கைக்கு வரும் சம்பளத்தில் மாதம் 60 பவுண்டு குறையும், வருடத்துக்கு 720. முன்பணமும் இல்லை, வட்டியும் இல்லை. பூட்டு, விளக்கு, ஹெல்மெட்டைக்கூட இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். போஸ்டரில் இருக்கும் 42 என்பது 40 சதவீத வரிக்காரர்களுக்கு.

சல்லிக்கணக்கு:
ராஜா பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார். அந்த 12 மாதமும் சைக்கிள் நடராசனுடையது அல்ல, வாடகைக்கு எடுத்தது. கடைசியில் சொந்தமாக்க அன்றைய மதிப்பைக் கட்ட வேண்டும். வரித்துறையின் அட்டவணைப்படி, 500 பவுண்டுக்கு மேல் விலையுள்ள சைக்கிளுக்கு ஒரு வருடம் கழித்து மதிப்பு 25 சதவீதம். அதாவது 250 பவுண்டு, அதுவும் வரி போன பிறகு கைக்கு வந்த காசில். 720உம் 250உம் 970. முப்பது பவுண்டுக்காகவா இத்தனை படிவம்?

பெடல்ராஜா:
விவரம் தெரிந்த யாரும் அப்படி வாங்குவதில்லை சார். சைக்கிள் விலையில் 7 சதவீதம் டெபாசிட் கட்டி இன்னும் மூன்று வருடத்துக்கு வாடகையை நீட்டிக்கொள்வார்கள். மாதப் பிடித்தம் அதற்குப் பிறகு கிடையாது. நான்கு வருடப் பழைய சைக்கிளுக்கு அதே அட்டவணையில் மதிப்பு 7 சதவீதம்தான், டெபாசிட்டோடு கணக்குத் தீர்ந்தது. மொத்தம் 790.

சல்லிக்கணக்கு:
சரி, 28 போய் 21 ஆகிவிட்டது. அடுத்தது கடை. ஆபீஸுக்காக இதை நடத்தித் தரும் திட்டக் கம்பெனி, கடையில் காசுக்குப் பதில் நாம் கொடுக்கும் ஒவ்வொரு வவுச்சருக்கும் கடைக்காரரிடம் கமிஷன் எடுக்கிறது. சின்னக் கடைகள் புலம்புவது இதனால்தான். தள்ளுபடி விலையில் வவுச்சர் செல்லாது என்று சில கடைகள் சொல்லிவிடும். நடுவில் வேலையை விட்டால் மீதித் தவணையைக் கடைசிச் சம்பளத்தில், வரி பிடித்த பிறகு எடுப்பார்கள். சைக்கிள் திருடு போனாலும் தவணை நிற்காது. லண்டனில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

லூசியம் லதா:
ஆண்கள் யாருக்கும் ஞாபகம் வராத ஒன்று. மகப்பேற்றுச் சம்பளத்தில் சட்டப்படி முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம். அந்தச் சராசரியை எடுக்கும் மாதங்களில் சைக்கிள் பிடித்தம் ஓடினால், குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 1,000 பவுண்டு சைக்கிளுக்கு ஏறத்தாழ 100 பவுண்டு இதிலேயே போய்விடும். குழந்தைக்கு யோசிப்பவர்கள் தேதியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பெற்றோல்ஷெட் தம்பி:
அண்ணைமார், எங்களை மாதிரி ஆக்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே? நான் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்கிறேன். பிடித்தத்துக்குப் பிறகு சம்பளம் அந்த மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம், ஆகவே எனக்கு இந்தத் திட்டமே இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் இல்லை. 40 சதவீதம் வரி கட்டுகிறவருக்குப் பெரிய கழிவு, இரவு வேலை முடிந்து பஸ் கிடைக்காமல் நிற்கிறவன் முழு விலை கொடுக்க வேணும். இது என்ன நியாயம்?

பெடல்ராஜா:
நியாயமில்லைதான் தம்பி. அரசாங்கம் சரிசெய்ய வேண்டியது அது. அதற்காக நடராசன் தனக்குக் கிடைப்பதை விடுவாரா? 2019இல் விதியைத் தெளிவாக்கிய பிறகு பல கம்பெனிகள் 1,000 பவுண்டுக்கு மேலும் அனுமதிக்கின்றன. மின்சார சைக்கிளுக்கே போகலாம். 2,500 பவுண்டை ஒரே நாளில் எடுத்துவைக்க எத்தனை பேரால் முடியும்?

சல்லிக்கணக்கு:
கையில் காசில்லாதவனை விலை கூடிய சைக்கிளுக்கு ஏற்றிவிடுவதும் இதே திட்டம்தான்.

ஈஸ்ட்ஹாம் நடராசன்:
எச்.ஆரில் கேட்டேன். 7 சதவீத நீட்டிப்பு உண்டாம். ஆனால் அதே சைக்கிள் வேறு கடையில் தள்ளுபடியில் 820, அங்கே வவுச்சர் செல்லாது. 790ஆ, 820ஆ?

பெடல்ராஜா:
790. மாதம் 60 போவது தெரியவே தெரியாது.

சல்லிக்கணக்கு:
820. இன்றைக்கே உங்கள் பெயரில். வேலை மாறினாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

லூசியம் லதா:
நடராசன், முடிவெடுக்கும் முன் ஒன்று கேட்டு வையுங்கள்: அந்த 7 சதவீத நீட்டிப்பு ஒப்பந்தம் உங்கள் ஆபீஸோடா, திட்டக் கம்பெனியோடா? திட்டக் கம்பெனியோடு என்றால் முதல் வருடம் முடிந்த பிறகு நீங்கள் வேலை மாறினாலும் சைக்கிள் உங்களிடமே இருக்கும். எழுத்தில் வாங்குங்கள்.