பழைய டிராக்டரில் லிஃப்ட் தலையாட்டினால்: உங்கள் அனுபவம் என்ன?

முடிச்சூர்க்காரன்

தாத்தா வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 வீட்டில் நிற்கிறது. செம்பியத்தில் உள்ள டாஃபே டிராக்டர் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது கியர்பாக்ஸ் மட்டத்துக்கும் மேலே தண்ணீர் நின்றது. அப்போது எஞ்சினை மட்டும் கழற்றிச் சுத்தம் பண்ணினார்கள். பின்பக்கத்தை யாரும் தொடவில்லை.

இப்போது திருப்போரூர் பக்கம் சித்தப்பாவின் நிலத்தில் ஓட்டலாம் என்று எடுத்தேன். டிப்ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் நீர்மோர் நிறத்தில் வருகிறது. பின்பக்க லிஃப்ட்டில் (எண்ணெய் அழுத்தத்தில் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு) கல்டிவேட்டரை மாட்டி லீவரைத் தூக்கினால் ஏறுகிறது. மேலே போய் நின்றதும் கொஞ்சம் இறங்குகிறது, தானாகவே ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. எஞ்சினை அணைத்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கொழு தரையைத் தொட்டுவிடுகிறது. பார்க்க வந்தவர் பம்ப்பையே மாற்றணும் என்கிறார். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மீஞ்சூர் மெக்கானிக்

தம்பி, பம்ப் பேச்சை முதல்ல விடுங்க. கல்டிவேட்டரை மேல வரைக்கும் தூக்குதுல்ல? அப்போ பம்ப் எண்ணெய் தள்ளுது. தள்ளுன எண்ணெய் நிக்க மாட்டேங்குது, அதுதான் கேஸ். கருவியைத் தாங்கற லிஃப்ட் கை இறங்குது, உள்ள இருக்கற லிங்கேஜ் (இணைப்புக் கம்பிங்க) "உயரம் குறைஞ்சுடுச்சு"ன்னு வால்வைத் திறக்குது, பம்ப் மறுபடி தூக்குது. இதைத்தான் நாங்க தலையாட்டுதுன்னு சொல்லுவோம். எங்கேயோ உள்ளுக்குள்ள கசியுது, வேற ஒண்ணும் இல்ல.

கசியற இடம் நாலஞ்சுதான். சிலிண்டர் பிஸ்டன் ரிங். சிலிண்டருக்கும் மேல் கவருக்கும் நடுவுல இருக்கற சீல். பம்ப்புல இருந்து மேல போற நிமிர்ந்த பைப்போட ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். பம்ப் டெலிவரி வால்வு, கண்ட்ரோல் வால்வு. அப்புறம் ரிலீஃப் வால்வு. இதுல எதுன்னு தெரியாம பம்ப்பை இறக்கினா காசும் போகும், லிஃப்ட்டும் நிக்காது.

பொன்னேரி பக்கம் சம்பா உழவுக்கு முன்னாடி ஒருத்தர் வண்டி வந்துச்சு. வேற இடத்துல புது பம்ப் போட்டு பில் கட்டிட்டு வந்திருந்தார். வண்டி அதே மாதிரி தலையாட்டுது. பாரத்தைத் தூக்கி வெச்சு, கைக்கு அடியில ஸ்டாண்டு குடுத்து, எஞ்சினை அணைச்சு, எண்ணெயை வடிச்சு, வலது பக்கத்து மூடியைக் கழட்டினேன். டார்ச் அடிச்சுக்கிட்டு ஸ்டாண்டை மெதுவா தளர்த்தி பாரம் எண்ணெய் மேல உக்கார்ற மாதிரி பண்ணேன். அந்தப் பைப்போட உடம்பு மேலயே எண்ணெய் வழிஞ்சு இறங்குது, கண்ணால பார்க்கலாம். உருவிப் பார்த்தா ஓ-ரிங் ஒரு பக்கம் சீவின மாதிரி அறுந்திருக்கு. பைப்பைச் செருகும்போது ஓட்டை விளிம்புல இருந்த பிசிறு சீவியிருக்கு. ஓ-ரிங் விலை அவர் வாங்கிக் குடுத்த பிரியாணியை விடக் கம்மி.

மேல இருந்து, சிலிண்டர் வாய்ப்பக்கமா மழை மாதிரி கொட்டினா பிஸ்டன். பைப்பைச் சுத்தி வழிஞ்சா ஓ-ரிங். ரெண்டும் காஞ்சு கிடந்து பம்ப் பக்கம் ஒழுகினா, அப்போ பம்ப்பைப் பத்திப் பேசலாம். இந்த சோதனை நடக்கும்போது கையை மட்டும் உள்ள விடாதீங்க. லிங்கேஜ் நகரும், விரலை வாங்கிடும்.

அம்பத்தூர் லேத்

மீஞ்சூர் அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். பாதி உயரத்தில் நிறுத்தினால் நன்றாக நிற்கிறதா, முழுசாகத் தூக்கினால்தான் இறங்குகிறதா? அப்படி என்றால் எனக்குச் சந்தேகம் சிலிண்டர் மேல்தான்.

காரணம் இது. கை கீழே இருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரின் அடைத்த முனைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மீதிச் சுவர் காற்றைப் பார்த்தபடி கிடக்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில், அதுவும் தண்ணீர் புகுந்த வண்டியில், துரு பிடிப்பது அந்தச் சுவரில்தான். முழு உயரத்துக்குப் போகும்போது பிஸ்டன் ரிங் அந்தத் துருக் குழிகளின் மேல் போய் நிற்கிறது, எண்ணெய் அவற்றின் வழியே வெளியேறிவிடுகிறது.

எங்கள் பட்டறைக்கு வந்த 1035 சிலிண்டர் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. உள்ளே விரலை விட்டால் முதல் பாதி கண்ணாடி, அதற்கப்புறம் சொரசொரப்பு. நகத்தால் வருடினால் நகம் மாட்டியது. நகம் மாட்டாத அளவு கறை என்றால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) போதும். மாட்டினால் ஹோனிங் பண்ணிப் பண்ணி உள்விட்டம் பெரிதாகி, புது ரிங் போட்டும் உட்காராது. அப்போது வேறு சிலிண்டர் தேடுங்கள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் அதையும் நகத்தால் வருடிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜி.பி. ரோடில் புதுசு கேட்டுப் பாருங்கள், இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் இன்னும் ஓடுகிறது.

ஓ-ரிங் விஷயத்தில் "கிட்டத்தட்ட அதே சைஸ்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள். பழையது நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதை அளந்து பயனில்லை. பள்ளத்தை அளந்து கொண்டு போங்கள், அல்லது வண்டி மாடலைச் சொல்லி செட்டாக வாங்குங்கள்.

செங்குன்றம் பெரியவர்

என்னிடம் ஃபெர்குசன் டிஇ 20 இருக்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்த வண்டி. அதன் லிஃப்ட்டில் கை வைத்துப் பழகியவனுக்கு மாஸி ஃபெர்குசன் 35, 1035 எல்லாம் சொந்தக்காரர் வீடுதான். இந்தக் குடும்பத்தின் பம்ப் மற்ற ஹைட்ராலிக் மாதிரி இல்லை. எண்ணெயைச் சுற்றவிட்டுத் திருப்பி அனுப்பாது. உறிஞ்சும் பக்கத்திலேயே வால்வு இருக்கிறது. லீவர் நடுவில் இருந்தால் பம்ப் சுழலும், ஆனால் குடிக்க எண்ணெய் கிடைக்காது. அதனால் உறிஞ்சும் பக்கம் ஒரு சின்ன அழுக்கு போதும், ஏறுவது மந்தமாகிவிடும்.

டிஇ 20 வைத்திருப்பவர்கள் கவனிக்க: பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) லீவரைப் போடாமல் லிஃப்ட் ஏறாது. பம்ப்புக்குச் சுழற்சி அந்தத் தண்டிலிருந்துதான் வருகிறது. "லிஃப்ட் செத்துப்போச்சு" என்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தவர்களில் சிலருக்கு வைத்தியம் அந்த லீவர்தான்.

டாப் லிங்க் (கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் கம்பி) போய் முட்டும் அந்தப் பெரிய ஸ்பிரிங்கையும் யாரும் பார்ப்பதில்லை. கலப்பை ஆழமாகப் போனால் டாப் லிங்க் அதை அழுத்தும், வால்வு நகரும், கை கொஞ்சம் தூக்கும். ஹாரி ஃபெர்குசனின் மொத்தக் கெட்டிக்காரத்தனமும் அதில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கில் முன்னே பின்னே ஆட்டம் இருக்கக்கூடாது. ஆனால் கையால் சுற்றினால் சுற்றணும். ஆட்டம் இருந்தால் உழும்போது கலப்பை குதிரைக்குட்டியாகிவிடும், ஆட்களோ பம்ப்பைத் திட்டுவார்கள்.

சுத்தம் பண்ணுவதற்கு: கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அந்த மோரை முழுக்க வடித்துவிட்டு, டீசல் ஊற்றி, பிடிஓவை ஓடவிட்டு அலசிவிட்டால் எல்லாம் வந்துவிடும். நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் பண்ணினோம்.

மீஞ்சூர் மெக்கானிக்

ஐயா, கோபிச்சுக்காதீங்க. வெறும் டீசல்ல ஓட விடறதை நான் ஒத்துக்க மாட்டேன். டீசல்ல வழவழப்பு பத்தாது. பம்ப் பிஸ்டனும் கேமும் கியரும் உரசிக்கும். அடியில உக்காந்திருக்கற சேறு கிளம்பி நேரா பம்ப் வாயில போகும். மெல்லிசான எண்ணெயைக் கொஞ்சம் ஊத்தி, பாரம் இல்லாம, கொஞ்ச நேரம் மெதுவா சுத்த விட்டு, சூடு ஏறினதும் உடனே வடிச்சுடுங்க. டீசல் வேணும்னா வண்டி நிக்கும்போது, மேல் கவரைக் கழட்டின பிறகு, பிரஷ் வெச்சு அலசறதுக்கு மட்டும்.

அடிப்பகுதியில சேறு கெட்டியா இருக்கும். அதை வடிகால் ஓட்டை வழியா வரும்னு நம்பாதீங்க. கரண்டி வெச்சுதான் அள்ளணும். பம்ப்புக்குப் போற எண்ணெயை வடிகட்டற ஸ்ட்ரெயினரைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊற வெச்சு, உள்ளேருந்து வெளியே காத்து அடிங்க.

துடைக்கறதுக்கு பனியன் வேஸ்ட்டை எடுக்கவே எடுக்காதீங்க. எங்க பட்டறைல எல்லாத்துக்கும் அதுதான், ஆனா ஹைட்ராலிக் வேலைன்னா மூட்டையைத் தூக்கி வெளியே வெச்சுடுவேன். ஒரு நூல் போதும். ஸ்ட்ரெயினர்ல ஒட்டும், இல்லேன்னா வால்வு உக்கார்ற இடத்துல மாட்டிக்கும். அப்புறம் எல்லாம் புதுசு போட்டும் தலையாட்டும். பழைய பருத்தி வேட்டி, நூல் உதிராததா பார்த்து எடுத்துக்கங்க.

மேல் கவரைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த நிமிர்ந்த பைப்பை மேல இருந்து உருவிடணும். மறந்துட்டு செயின் பிளாக் போட்டு இழுத்தா பைப்பு வளையும். திரும்ப உக்கார வைக்கும்போது பக்கத்து மூடி வழியா டார்ச் அடிச்சு, லிங்கேஜ் வால்வோட சரியா சேர்ந்துச்சான்னு பார்த்துட்டு அப்புறம் போல்ட்டை முறுக்குங்க.

மாதவரம் டிப்பர்

இதைப் படிப்பவர்கள் யாராக இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். எங்கள் டிராக்டர் டிப்பர் டிரெய்லரின் ஹோஸில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. எங்கே என்று தெரியாமல் உதவியாள் பையன் கையால் ஹோஸைத் தடவிக்கொண்டே போனான். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்றான். விரல் நுனியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான், ரத்தம்கூட இல்லை. ராத்திரிக்குள் விரல் வீங்கி உள்ளங்கை வரை வந்துவிட்டது.

முதலில் காட்டிய இடத்தில் டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அழுத்தத்தில் வந்த எண்ணெயா?" அன்றைக்கே அறுவை சிகிச்சை. எண்ணெய் தோலுக்குள் புகுந்து தசைநார் வழியாகப் பரவியிருந்தது. விரலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் முழுசாக மடங்காது. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே போங்கள், "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு தோலுக்குள் போயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டையை நீட்டினால் போதும், அட்டையில் எண்ணெய்க் கோடு விழும்.

முடிச்சூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. மாதவரம் அண்ணே, அந்தப் பையன் நலமாக இருக்கட்டும்.

மூடியைத் திறந்து பார்த்தாயிற்று. பைப்பில் வழியவில்லை. சிலிண்டர் வாயிலிருந்துதான் கொட்டுகிறது. அம்பத்தூர் அண்ணன் கேட்ட மாதிரி பாதி உயரத்தில் நிறுத்திப் பார்த்தேன், அசையாமல் நின்றது. சிலிண்டரை இறக்கியதும் உள்ளே ஒரு வளையம் போலத் துரு. அடைத்த முனைப் பக்கம் சுத்தமாக இருக்கிறது, வாய்ப் பக்கம் நகம் மாட்டுகிறது. வேறு சிலிண்டர், புது பிஸ்டன் ரிங், ஓ-ரிங் செட் என்று முடிவாகிவிட்டது. பம்ப்பைத் தொடப்போவதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். எண்ணெய் எது ஊற்றுவது? கடையில் 90 கியர் ஆயில்தான் எல்லாரும் வாங்குகிறார்கள் என்கிறார்கள். வடித்த எண்ணெயை என்ன செய்வது?

மீஞ்சூர் மெக்கானிக்

கையேட்டுல போட்டிருக்கற கிரேடுதான். கியருக்கு மட்டும்னா கெட்டி எண்ணெய் ஊத்தலாம், இங்க அதே எண்ணெயைத்தான் பம்ப்பும் உறிஞ்சணும். ரொம்பக் கெட்டியா இருந்தா பம்ப் இழுக்க முடியாம முனகும். டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஹைட்ராலிக் ஆயில்னு ரெண்டுக்கும் சேர்த்தே விக்கறாங்க, அதுல உங்க கையேட்டுக்குப் பொருந்தறதைக் கேளுங்க.

சிலிண்டர் மாட்டினதும் லிஃப்ட் கையில கருவி எதுவும் மாட்டாம லீவரை மேலேயும் கீழேயும் போட்டு காத்து வெளியேற விடுங்க. அப்புறம் எண்ணெய் மட்டம் பாருங்க, இறங்கியிருக்கும். கல்டிவேட்டர் மாட்டி கொஞ்ச நாள் ஓட்டிட்டு அந்த எண்ணெயையும் ஒரு தடவை மாத்திடுங்க, மூலையில தங்கின தண்ணி அதுலதான் வரும். கியர் லீவர் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கும், அதையும் பாருங்க. மழைத் தண்ணி உள்ள போறது அந்த வழியாத்தான்.

பழைய எண்ணெயைக் கேன்ல பிடிச்சு, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி வாங்கினவங்ககிட்ட குடுங்க. அடையாறுல ஊத்திடாதீங்க தம்பி, வந்த தண்ணியே போதும்.