ஈரலில் கொழுப்பு: தமிழில் என்ன பெயர் வைப்பது? (வியாழன் அச்சு)

கோண்டாவிலிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். மிகவும் உடல் பருத்தவர்களுக்கான கிளினிக்கில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன், வியாழன் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும், இன்னும் தலைப்பிலேயே நிற்கிறேன். 2023இல் இந்த நோயின் ஆங்கிலப் பெயரை மாற்றிவிட்டார்கள். 'நொன் அல்கஹோலிக் ஃபற்றி லிவர்' போய் 'மெற்றபோலிக் டிஸ்ஃபங்ஷன் அசோசியேற்றட் ஸ்ரீயற்றோற்றிக் லிவர்' வந்திருக்கிறது. பழைய பெயர் குடியால் வந்ததல்ல என்று மட்டும் சொன்னது, எதனால் வந்தது என்று சொல்லவில்லை. அதோடு 'ஃபற்றி' என்பது நோயாளியைக் கூசவைக்கிறது என்றார்கள்.

தமிழில் அந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. போன மாதம் பெரியம்மாவை ஸ்கான் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன், 120 கிலோ. ரிப்போட்டைப் பார்த்தவர் வாசலில் நின்றபடியே "அம்மா, உங்களுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்றார். அவர் சொன்னது ஈரலை. வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியம்மா ரிப்போட்டை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே வரவில்லை. ஆகவே 'கொழுப்பீரல்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள்.

கரவெட்டியிலிருந்து:
தங்கச்சி, சொல் ஏற்கெனவே இருக்கிறது: நிணம். சங்கப் பாட்டில் ஊனோடு வரும் சொல், யாரையும் ஏசப் பயன்பட்டதில்லை. நிணம் + ஈரல், மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் பெற்றால் நிணவீரல். ஆங்கிலத்தில் செய்ததும் இதுதானே, 'ஸ்ரீயர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கொழுப்பு என்றுதான் பொருள். அவர்களுக்குக் கிரேக்கம் என்றால் நமக்குப் பழந்தமிழ்.

கொழுப்பும் பிறப்பில் குற்றமற்ற சொல்தான். கொழுந்து, கொழித்தல், கொழுமை எல்லாம் ஓரடியில் கிளைத்தவை என்றே நினைக்கிறேன், கொழுநனையும் அங்கேயே சேர்ப்பேன். மதர்ப்பு என்ற பொருள் பின்னால் ஏறியது. ஈரல் என்பதை ஈரத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, நான் ஈர்தல், அதாவது பிளத்தல், என்றே கொள்கிறேன். கல்லீரலும் நுரையீரலும் மடல் மடலாகப் பிரிந்துதானே இருக்கின்றன.

மானிப்பாயிலிருந்து:
ஐயா, மண்ணீரலுக்கு அப்படி மடல் இல்லையே, அதற்கும் ஈரல் என்றுதான் பெயர். அது போகட்டும். நிணநீர் (லிம்ஃப்), நிணநீர்க்கணு என்று நாங்கள் நாள்தோறும் சொல்கிறோம். நிணவீரல் என்று எழுதினால் படிக்கிற பிள்ளைகள் அதை நிணநீரோடுதான் சேர்ப்பார்கள்.

நோயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொழுப்பிழையம் இன்சுலினுக்குப் பணியாமல் போகும்போது கொழுப்பமிலங்கள் குருதியில் கலந்து ஈரலுக்கு வந்து சேர்கின்றன, மேலதிக சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. ஈரற் கலங்களில் நூற்றுக்கு 5 கலங்களிலோ அதற்கு மேலோ கொழுப்புத் துளி இருந்தால் நோய் என்று கொள்கிறோம். சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போகும். இந்த நோயாளிகளில் அதிகம் பேர் கடைசியில் இருதய நோயால்தான் இறக்கிறார்கள். ஆனால் திரும்பும் பாதையும் இருக்கிறது. 120 கிலோ உள்ளவர் 6 கிலோ குறைத்தாலே ஈரலில் கொழுப்புக் குறையத் தொடங்கும், 12 கிலோ குறைத்தால் தழும்பும் ஆறக்கூடும். இது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. 'ஈரற்கொழுப்புப் படிவு' என்றால் என்ன? படிந்தது கரையும் என்று யாருக்கும் தோன்றும். பழியும் ஆளை விட்டு ஈரலுக்குப் போய்விடும்.

ரொறன்ரோவிலிருந்து:
படிவு நீளம். வினைத்தொகையாக 'கொழுவீரல்' என்றால் மூன்று காலத்துக்கும் பொருந்தும்: கொழுத்த, கொழுக்கின்ற, கொழுக்கும் ஈரல்.

கோண்டாவிலிலிருந்து:
அண்ணா, ஊரில் கொழுவல் என்றால் சண்டை என்பதை மறந்துவிட்டீர்களா? பெரியம்மா அதைச் சண்டைக்கார ஈரல் என்றுதான் வாசிப்பார்.

திருநெல்வேலியிலிருந்து:
எல்லோரும் ஈரலிலேயே நிற்கிறீர்கள், 'மெற்றபோலிக்' பக்கம் யாரும் வரவில்லை. எங்கள் பாடநூலில் அனுசேபம், தமிழ்நாட்டில் வளர்சிதை மாற்றம். அனுசேபம் வடமொழி என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை, பிள்ளைகள் பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் படிக்காத ஒருவருக்கு அது வெறும் ஓசை. வளர்சிதை என்றால் வளர்தலும் சிதைதலும் என்று ஒரு தரம் சொன்னாலே பிடித்துக்கொள்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், இன்றைக்கு நாங்கள் ஒரு துண்டுப்பிரசுரத்துக்குத் திணறுகிறோம் என்பது மனதை வருத்துகிறது.

அப்புறம், உடற்திணிவுச் சுட்டி (உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ.) 40ஐத் தாண்டியவர்களை மட்டும் மனதில் வைத்து எழுத வேண்டாம். எங்கள் ஆசிய உடம்புக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்கிறார்கள், மெலிந்தவருக்கும் ஈரலில் படியும்.

கரவெட்டியிலிருந்து:
ரீச்சர் சொல்வது சரி. நிணநீர் மட்டும் எப்படி விளங்கியது? பழகியதால் விளங்கியது. நாலு வருடம் கொடுத்தால் நிணவீரலும் பழகும்.

மானிப்பாயிலிருந்து:
கிளினிக்குக்கு வருகிறவரிடம் நாலு வருடம் கேட்க முடியாது ஐயா.

கோண்டாவிலிலிருந்து (புதன் இரவு):
எழுதியவர்களில் மூன்று பேர் படிவுக்கு, ஐயா நிணத்துக்கு, ரொறன்ரோ அண்ணா பிறகு எழுதவில்லை. தலைப்பு 'ஈரற்கொழுப்புப் படிவு'. உள்ளே 'உடலின் வளர்சிதை மாற்றம் (அனுசேபம்) சீர்குலைவதால் வருவது' என்று ஒரு வரி. இன்று பின்னேரம் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "படிஞ்சது எண்டால் கழுவலாமோ?" என்று கேட்டார். கழுவ முடியாது, நடந்தால் கரையும் என்றேன். கைப்பையைத் திறந்து அந்த ரிப்போட்டை எடுத்துத் தந்தார்.

கரவெட்டியிலிருந்து:
நல்லது தங்கச்சி, அச்சுக்குக் கொடுங்கள். 'ஈரற்கொழுப்பு' என்று சேர்த்தே அடிக்கச் சொல்லுங்கள், பிரித்துவிடுவார்கள். நிணவீரலை நான் விடவில்லை.